ஊதிப் பார்த்த குழாய்

அரை மணி நேரம் என்று சொல்லிவிட்டு அர்த்தநாரி லாரிக்கு அந்தப் பக்கம் போய்ச் சாக்கை விரித்து, வண்டிக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்துக்கொண்டார். இந்தப் பக்கம் பாவாயி. முக்காலியில் உட்கார்ந்து, மடியில் டார்ச்சை வைத்துக்கொண்டு, ஓடுகிற எஞ்சினையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. புரை எடுத்த பிறகு வீட்டில் அவள் கண்தான் கண். நேற்றே டீசல் ஊற்றிக் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, இன்று வெயில் ஏறியதும் எஞ்சின் முழுக்கப் பவுடர் தூவியிருந்தார்கள். எண்ணெய் எந்த இடுக்கிலிருந்து கிளம்புகிறது என்று தெரியாதபோது மேஸ்திரிகள் செய்கிற காரியம் அது. வெள்ளையின் மேல் கறுப்பாக ஒரு கோடு இறங்கும், கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் ஒழுகும் வாய் தெரிந்துவிடும். பவுடர் மகள் தாரணியுடையது. கல்யாணமாகிப் போனபோது அலமாரியில் விட்டுப்போன டப்பா, பதினொரு வருடமாக யாரும் தொடாமல் கிடந்தது. இப்போது இரும்பு சூடேறச் சூடேற அந்த வாசனை எழுந்து வந்தது, எண்ணெய்ப் பிசுக்கின் நெடிக்கு நடுவே, குளிப்பாட்டித் துடைத்துத் தொட்டிலில் போட்ட பிள்ளையின் வாசனை. மணி பத்து இருபது. பத்து ஐம்பது வரைக்கும் வெள்ளை வெள்ளையாகவே இருந்துவிட்டால் அர்த்தநாரி ஜெயித்தார். இருக்காது என்று அவளுக்குத் தெரியும். எந்த இடுக்கில் வரும் என்று தெரியாது, எதனால் வருகிறது என்று தெரியும். இந்த உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவள்தான், அவள் முக்காலியில் உட்கார்ந்து டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறாள்.

எஞ்சினுக்கும் மூச்சு உண்டு என்று கல்யாணமான புதிதில் அவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். உள்ளே சேருகிற ஆவி வெளியே போகப் பக்கவாட்டில் ஒரு குழாய், ப்ரீதர் பைப் என்பார்கள், கைவிரல் இரண்டு பருமன், வளைந்து கீழே இறங்கித் தரையைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருக்கும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே காற்று முட்டும், முட்டிய காற்று எண்ணெயைக் கிடைத்த சந்திலெல்லாம் பிதுக்கித் தள்ளும். இன்றைக்கு இங்கே அடைத்தால் நாளைக்கு அங்கே வரும். அவருக்கா தெரியாது? நாற்பத்திரண்டு வருடம் சங்ககிரி ரோட்டில் பட்டறை நடத்தியவர். இந்த மூக்கு லாரியை, அறுபத்தொன்றாம் வருடத்து வண்டியை, வேப்பமரத்தடியில் பதினான்கு வருடம் கிடந்ததை, ஒரு போல்ட் விடாமல் கழற்றிப் போட்டபோது பெரிய சாமான்களை அவர் எடுத்துக்கொண்டார், சின்னச் சாமான்களைக் கழுவுகிற வேலை அவளுக்கு. பேசினில் டீசலும் பிரஷும் வைத்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்து இரண்டு நாள் கழுவினாள். திரும்பப் பூட்டும்போது ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பூட்டினார். வாஷரெல்லாம் துடச்சியா? துடச்சாச்சுங்க. ப்ரீதர் பைப்பை ஊதிப் பாத்தியா? பாத்துட்டேனுங்க. அவ்வளவுதான். அதற்குமேல் அவர் கேட்கவில்லை. மூன்று முறை எண்ணெய்த் தொட்டியை இறக்கி ஏற்றினார், அதன் விளிம்புக்கு வைக்கிற கார்க் அட்டையை மாற்றினார், பின்பக்கத்தில் எண்ணெயைத் தடுக்கிற கயிற்றைப் பிடுங்கிப் புதிதாகத் திரித்து வைத்தார், தன் காதையும் கண்ணையும் விரலையும் வரிசையாகச் சந்தேகப்பட்டார், அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் சந்தேகப்படவில்லை.

இரண்டரை மாதத்துக்கு முன், குழாயைக் கழுவக் கையில் எடுத்த அந்தக் காலையில்தான் ஓசூரிலிருந்து தாரணி பேசினாள். அம்மா, மறுபடியும் நாள் தள்ளி நிக்குதும்மா, யாருகிட்டயும் சொல்லாத. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டே குழாயைத் திருப்பினாள், வாயில் மண். குளவி. கட்டை விரலால் வழித்துவிட்டதுபோல அவ்வளவு வழவழப்பாக மூடியிருந்தது, மண் இன்னும் முழுக்க வெளுக்கவில்லை. முப்பத்தொரு வருடம் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் நடத்தியவள். மண்குளவியின் லத்தீன் பெயர் தூக்கத்திலும் வரும். தாய்க்குளவி சிலந்திகளைக் கொட்டி மயக்கி, உயிரோடு உள்ளே அடுக்கி, ஒரு முட்டையிட்டு, மண்ணால் மூடிவிட்டுப் போய்விடும், திரும்பி வந்து பார்க்காது. பார்க்காமல் எப்படி இருக்கிறது என்று ஒரு வருடம் பின்வரிசையில் ஒரு பெண் கேட்டாள், வகுப்பே சிரித்தது, பாவாயியும் சிரித்தாள். குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும், கலைக்கக் கூடாது என்று ஊரில் சொல்வதையும் அதே வகுப்பில் சொல்லியிருக்கிறாள், ஈரம் படாத மூலையும் பக்கத்தில் மண்ணும் இருந்தால் குளவி கட்டும், உங்கள் வீட்டில் நடப்பது அதற்கு எப்படித் தெரியும் என்று. எல்லாம் சரி. நான்கு வருடத்துக்கு முன் தை மாதத்தில் வெள்ளையடிக்க ஜன்னலைத் துடைத்தபோது சட்டத்து மூலையிலிருந்த கூட்டைத் துடைப்பக் கட்டையால் தட்டிவிட்டாள். மண் உதிர்ந்தது, பச்சைச் சிலந்தி இரண்டு உருண்டன, வெள்ளையாக நெளிந்த ஒன்று தரையில் விழுந்தது, முறத்தில் அள்ளி வெளியே கொட்டினாள். மூன்றாம் நாள் ஓசூரிலிருந்து மாப்பிள்ளை பேசினார். பத்து வாரம், தங்கவில்லை. அதற்கு முன்பும் ஒன்று போயிருந்தது, அப்போது எந்தக் கூட்டையும் யாரும் தட்டவில்லை, ஆகவே இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இப்படித்தான் ஆயிரம் முறை நிரூபித்தாள். நிரூபித்து முடித்ததும் முறம் ஞாபகம் வரும். குழாயின் வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, கழுவிய சாமான்களின் நடுவில் வைத்தாள்.

"டீச்சரம்மா, எஞ்சினுக்குப் பவுடரடிச்சு மையி வெச்சுட்டீங்க, பொண்ணு பாக்க எப்ப வர்றாங்க?" ராக்கியண்ணன் டீத்தூக்கோடு வந்து நின்றார். இந்த வண்டியைப் பத்தொன்பது வருடம் ஓட்டியவர், இப்போது முழங்கால் இரண்டும் போய், தினமும் பத்தரை மணிக்கு வந்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து வேலையைக் கிண்டல் செய்வதே வேலை. லாரிக்கு அடியிலிருந்து அர்த்தநாரியின் குரல் வந்தது. "கண்ணெடுக்காத பாவா. அவன்கிட்ட வாயக் குடுத்தீன்னா வந்தது தெரியாம போயிரும்." "நானென்னுங்க பண்ணுனேன் மேஸ்திரி? இந்த வண்டி என்ர கையில இருந்தப்பவும் ஒழுகுச்சு. நின்ன எடத்துல கோலம் போட்டுட்டுத்தான் கெளம்பும். சேலத்துலருந்து பாலக்காடு வரைக்கும் எங்கெங்க டீ குடிச்சேன்னு அதப் பாத்தே மொதலாளி கண்டுபுடிப்பாரு." "அது ஓட்டுன ஆளோட லட்சணம்." "ஆமாமா, பூட்டுன ஆளோட லட்சணத்தத்தான் மூணு வாரமா பாத்துக்கிட்டிருக்கறமே." சொன்ன பிறகுதான் ராக்கியண்ணனுக்கே உறைத்தது போலிருக்கிறது, டீயை ஊற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. முன்பென்றால் அடியிலிருந்து ஸ்பேனர் பறந்து வந்திருக்கும். பாவாயி கண்ணெடுக்காமல் டம்ளரை வாங்கிக்கொண்டாள். டீயில் ஏலக்காய் இருந்தது, அதையும் மீறிப் பவுடர் வாசனை. பத்து முப்பத்திரண்டு. வெள்ளை அப்படியே இருந்தது. இருந்துவிட்டால்? உள்ளே முட்டுகிற காற்றே அந்த மண்ணை இடித்து வெளியே தள்ளியிருந்தால்? முதல் நாள் எஞ்சினைக் கிளப்பியபோதே அப்படித்தான் வேண்டிக்கொண்டாள். எஞ்சின் செய்தால் அது அவள் கை செய்ததாகாது. ஆனால் குளவி மண் குழைத்த குழையல் அப்படி. இரும்பு விட்டுக்கொடுத்தது, கார்க் விட்டுக்கொடுத்தது, மண் விட்டுக்கொடுக்கவில்லை.

எஞ்சினைக் கிளப்பி இருபத்துமூன்று நாள். முதல் வாரம் அவர் சிரித்துக்கொண்டேதான் ஒழுகலைத் துடைத்தார். இரண்டாம் வாரம் ராத்திரிச் சோற்றில் கை வைத்துக்கொண்டு, பிஸ்டனில் ரிங்குகளைப் போட்டபோது அவற்றின் வாயெல்லாம் ஒரே நேருக்கு வந்துவிட்டதோ, மாற்றி மாற்றித்தானே வைத்தேன், வைத்தேனா என்று அவளிடம் கேட்டார். எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் குப்பென்று ஆவி அடிக்கிறது, ரிங் சரியில்லையென்றால் அப்படி அடிக்கும், ரிங்கைப் போட்டது இந்தக் கைதானே என்று கையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். அந்தக் கை அப்போது லேசாக ஆடியது, எழுபத்துமூன்று வயதுக் கை ஆடத்தான் செய்யும். பாவாயி ரசம் ஊற்றினாள். அவர் ஊருக்கு மேஸ்திரி, இரும்பில் காது வைத்து நோய் சொல்கிறவர், ஒரு பொய்யின் மேல் காது வைக்கத் தெரியாதவர். குழாயைப் பூட்டிய நாளிலிருந்தே, சொல்லிவிட வேண்டும் என்று நெஞ்சுவரை வரும். இதயத்துடிப்பு கேட்கட்டும், பிறகு சொல்லலாம் என்று இருந்தாள். கேட்டது. மூன்று மாதம் தாண்டட்டும் என்றாள். தாண்டியது. இப்போது அடுத்த வியாழக்கிழமை ஐந்தாம் மாத ஸ்கேன், அதுவும் முடியட்டும், இன்னும் எட்டு நாள்தானே. முடிந்தால் ஏழாம் மாதம் என்பாள், அவளைப் பற்றி அவளுக்குத் தெரியும். அவருக்குத்தான் எட்டு நாள் இல்லை. நேற்று கை கழுவும்போது, கோபமில்லாமல், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். "நாளைக்கு ஒழுகுச்சுன்னா மறுபடி பிரிக்க மாட்டேன் பாவா. பழைய வண்டி ஒடைக்கறவன ராக்கியண்ணன் வரச் சொல்றேங்கறான். வெட்டி எடுத்துட்டுப் போவட்டும். கை போச்சு." இத்தனை வருடத்தில் அவர் பட்டறையைப் பற்றி, உடம்பைப் பற்றி, கடனைப் பற்றி எத்தனையோ சொல்லியிருக்கிறார், கை போச்சு என்று சொன்னதில்லை. ராத்திரி முழுக்க அவள் தூங்கவில்லை. அந்தக் கூட்டில் இனி என்ன உயிர் இருக்கப்போகிறது என்று ஒரு பக்கம் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தாள். உயிரோடிருந்தால் இத்தனை நாளில் மண்ணைத் துளைத்துக்கொண்டு பறந்திருக்க வேண்டும். தினமும் காலையில் கூட்டுகிற சாக்கில் குனிந்து பார்க்கிறாள், ஓட்டை விழவில்லை. முதல்நாள் சூட்டிலேயே வெந்திருக்கும். செத்ததைக் காப்பாற்றுவதற்கா உயிரோடிருக்கிற மனுஷனைக் கொல்கிறாய். ஆனால் வெந்துவிட்டது என்று நினைத்த கணமே ஓசூரில் ஒரு அறையில் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிற பெண்ணின் வயிறு கண்ணில் வரும், ஐயோ, அதை எப்படி நினைத்தேன், நினைத்ததே போதுமே என்று எழுந்து உட்கார்ந்து தண்ணீர் குடிப்பாள்.

பத்து நாற்பத்தொன்றுக்குக் கோடு விழுந்தது. எஞ்சினின் முன்பக்கத்துப் பெல்ட் சக்கரத்துக்குப் பின்னால், மூடித்தகடும் எஞ்சினும் சேருகிற இடத்தில், முதலில் பவுடர் கொஞ்சம் மங்கிற்று, தோலுக்கடியில் நரம்பு தெரிவதுபோல. பிறகு மயிரிழை. பிறகு நூல். இறங்கி ஒரு போல்ட்டின் தலையைச் சுற்றிக்கொண்டு நின்றது. சத்தம் போட வேண்டும். அதுதான் வேலை. ராக்கியண்ணன் கட்டிலில் கண்ணை மூடியிருந்தார். அந்தப் பக்கம் அர்த்தநாரியின் பாதங்கள் மட்டும் தெரிந்தன, குதிகால் வெடிப்பில் ஏறிய எண்ணெய்க் கறுப்பு எந்தச் சோப்புக்கும் போகாதது. பாவாயி டப்பாவை எடுத்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் தட்டி, விரல் நுனியால் அந்த நூலின் மேல் ஒற்றினாள், வேர்க்குருவுக்குப் போடுவதுபோல மெதுவாக, ஒற்றி, மேலே இன்னும் கொஞ்சம் தூவினாள். வெள்ளையாகிவிட்டது. இவ்வளவு சுலபமா என்று இருந்தது. இன்னும் ஒன்பது நிமிடம் இப்படியே ஒற்றிக்கொண்டிருந்தால் அவர் எழுந்து வந்து பார்ப்பார், சிரிப்பார், வெட்டுகிறவனை வர வேண்டாமென்று சொல்வார், எட்டு நாள் கிடைக்கும். விரலில் சூடு ஏறியிருந்தது. ஒற்றிய பவுடர் அதற்குள் ஊறிப் பழுப்பாகிக் கூழாகிக்கொண்டிருந்தது. மறுபடி ஒற்றினாள். கூழ் தடித்தது, தடித்து ஓரத்தில் வெடித்து, உள்ளேயிருந்து பளபளவென்று புதிய எண்ணெய் வந்தது. அவள் பொய்யை அவளே விரலால் மெழுகிக்கொண்டிருந்தாள், அது மெழுக மெழுக வழிந்தது.

"இக்கட்ட வந்துருச்சு," என்றார் அர்த்தநாரி அடியிலிருந்து. அவர் பக்கத்தில், வேறொரு இடுக்கில். அவர் குரலில் ஒன்றுமே இல்லை. புரண்டு, கையூன்றி, எழுந்து வந்து எஞ்சினை நிறுத்தினார். அந்த அமைதி காதில் அடித்தது. வேட்டித் துணியில் கையைத் துடைத்தார், விரல் விரலாக, அவசரமில்லாமல், இனி அழுக்காக வேண்டிய அவசியமில்லாத கைகளைத் துடைப்பதுபோல. "ராக்கியண்ணா, அவனுக்கு ஒரு போனப் போடு. மத்தியானமே வரட்டும்." ராக்கியண்ணன் போனை எடுக்காமல் பாவாயியைப் பார்த்தார். பாவாயி பவுடர் அப்பிய விரல்களைப் பார்த்தாள்.

"நான் ஊதிப் பாக்கலீங்க."

"என்ன?"

"அந்தப் பைப்பை. ஊதிப் பாத்தேன்னு சொன்னேன். பாக்கலீங்க. அதுல குளவி கட்டியிருக்குதுங்க."

அவர் முழங்காலை மடக்கிக் குனிந்து, குழாயின் வாயில் விரலை வைத்தார். அவ்வளவு போதும் அவருக்கு. ராக்கியண்ணன்தான் சத்தமாகச் சிரித்தார். "அட இதென்ன கூத்து! மேஸ்திரி மூணு வாரமா எஞ்சின அறுத்து அறுத்து தெச்சாரு, மூக்குல மண்ணு! இருங்க, கம்பி ஒண்ணு குடுங்க, ஒரே குத்து." கம்பியும் எடுத்துவிட்டார். "வேண்டாம்!" என்று பாவாயி போட்ட சத்தத்தில் கம்பி அவர் கையிலேயே நின்றது. முப்பத்தொரு வருடம் வகுப்பறையில் ஒரு நாளும் அந்தக் குரல் அவளிடமிருந்து வந்ததில்லை. ராக்கியண்ணன் இந்த ஊர்க்காரர். கம்பியைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார், சட்டென்று புரிந்துகொண்டு கம்பியைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு வேப்பமரத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"தாரணிக்கா?" என்றார் அர்த்தநாரி.

அவள் தலையாட்டினாள். "போன தடவ ஜன்னல்ல இருந்தத நாந்தானுங்க தட்டினேன்," என்றாள். நான்கு வருடமாக உள்ளே இருந்தது. வெளியே வந்தபோது இவ்வளவு சின்ன வாக்கியமாக இருந்தது.

அவர் கருவிப் பெட்டியில் கையை விட்டுத் துழாவி, அரை இஞ்சு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் போனார். இரண்டே போல்ட். சுழற்றுகிற கை தயங்கவேயில்லை, அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். குழாய் முழுதாக, மண் முழுதாக, அவர் கையோடு வந்தது. "ஒடைக்கோணும்னு ஆரு சொன்னா," என்றார், அவளைப் பார்க்காமல். "கழட்டுனாப் போச்சு. வேற பைப்பு வளைச்சுக்கலாம்." பாவாயிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கலைப்பதா, கலைக்காமலிருப்பதா என்று இரண்டரை மாதம் இரண்டே கதவுள்ள வீட்டுக்குள் முட்டி முட்டித் திரிந்திருக்கிறாள், படித்தவள், அவர் கேட்டதும் ஸ்பேனரை எடுத்தார். சொல்லியிருந்தால் முதல் நாளே எடுத்திருப்பார். குழாயை அவள் கையில் கொடுத்துவிட்டு எஞ்சினைக் கிளப்பினார். கழற்றிய துவாரத்திலிருந்து வெள்ளை ஆவி முதலில் விக்கிக்கொண்டும் பிறகு சீராகவும் வந்தது. வழிந்த இரண்டு இடத்தையும் துடைத்து, பவுடர் தூவி, மூன்று பேரும் நின்று பார்த்தார்கள். ஐந்து நிமிடம். பத்து. பதினைந்து. பவுடர் வெள்ளையாகவே இருந்தது. அர்த்தநாரி சிரிப்பார் என்று நினைத்தாள். சிரிக்கவில்லை. ஆவி வருகிற இடத்தில் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"இருவத்திமூணு நாளு," என்றார். "என்ர கையத் தூக்கித் தூக்கிப் பாத்துட்டிருந்தனே. நீ எதுக்க உக்காந்து ரசம் ஊத்திக்கிட்டு இருந்தியே பாவா."

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. குழாயின் சூடு முந்தானையைத் தாண்டிக் கைக்கு வந்தது. உள்ளே ஒன்று இருக்கிறதா, இல்லையா, இருந்தால் எப்படி இருக்கிறது, மண் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எஞ்சினை நிறுத்திவிட்டுப் புதுக்குழாய்க்கு அளவெடுக்கக் கம்பியை வளைக்க ஆரம்பித்தார்.

"கோவமாங்க?" என்றாள்.

அவர் கம்பியைத் துவாரத்துக்கு நேரே வைத்துப் பார்த்தார், எடுத்தார், இன்னும் கொஞ்சம் வளைத்தார். இந்தப் பக்கம் திரும்பவில்லை.

"பைப்பைச் சாய்க்காமப் புடி," என்றார்.